மூன்று கார்டு, இரண்டு லட்சம் கடன்: எதை முதலில் அடைப்பது?

கேள்வி சுருக்கமாக இதுதான். மூன்று கிரெடிட் கார்டுகளில் மொத்தம் 2,00,000 கடன். பெரிய கார்டில் 1,20,000, மாதம் 3% வட்டி. நடு கார்டில் 60,000, மாதம் 3.5%. சின்ன கார்டில் 20,000, மாதம் 2.5%. இரண்டு வருடமாக மூன்றிலும் மினிமம் டியூவை, அதாவது மாதாமாதம் குறைந்தபட்சம் கட்டியாக வேண்டிய தொகையை, தவறாமல் கட்டியும் கடன் அப்படியே நிற்கிறது. இனி மாதம் 14,000 வரை ஒதுக்க முடியும். கையிருப்பாக 50,000 வைப்புத்தொகை இருக்கிறது, அதற்கு ஆண்டுக்கு 7% வட்டி. எந்தக் கார்டை முதலில் அடைப்பது, வைப்பை உடைக்கலாமா, பர்சனல் லோன் வாங்கி மொத்தமாக மூடிவிடலாமா என்று மூன்றையும் கேட்டிருக்கிறீர்கள்.

நாணயத்தின் பெயரை விட்டுவிடுகிறேன். எந்த ஊர்ப் பணமாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். கணக்குப் பார்ப்பது என் தொழில். அதற்கு முன்னால் நானே மூன்று வருடம் கார்டுக் கடனில் கிடந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் கேட்ட மூன்றில் முதல் கேள்விக்குத்தான் மதிப்பு மிகக் குறைவு. எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். அதற்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன், நீங்கள் எழுதியதில் போகிறபோக்கில் சொன்ன ஒரு விஷயம் இருக்கிறது: "கடன் அப்படியே நிற்கிறது." அங்கிருந்து தொடங்குவோம்.

உங்கள் மூன்று கார்டுக்கும் ஒரு மாத வட்டியைக் கூட்டிப் பாருங்கள். பெரியதற்கு 3,600, நடுவுக்கு 2,100, சின்னதற்கு 500. ஆக 6,200. மினிமம் டியூ ஏறக்குறைய நிலுவையில் 5% என்று வைத்தால் மாதம் 10,000 கட்டி வருகிறீர்கள். வட்டி போக 3,800 அசலில் கழிந்திருக்க வேண்டும். மாதாமாதம் அப்படிக் கழிந்திருந்தால் இரண்டு வருடத்தில் கடன் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்திருக்கும். குறையவில்லை. அப்படியென்றால் கழிந்த அந்த 3,800 அளவுக்கு மாதாமாதம் அதே கார்டுகளில் புதிதாகத் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஒரு பக்கம் தண்ணீரை இறைத்துக்கொண்டே மறுபக்கம் குழாயைத் திறந்து வைத்த கதை.

குற்றம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. இரண்டு வருடத்தில் நீங்கள் கட்டிய வட்டி மட்டும் ஏறக்குறைய ஒன்றரை லட்சம். இவ்வளவு கட்டியும் ஓர் அடி நகரவில்லை என்றால் மனது விட்டுப்போகும்தான். ஆனால் ஒழுங்காகக் கட்டவில்லை என்பதல்ல இங்கே குறை. மினிமம் டியூ என்ற தொகையே கடனை அடைப்பதற்காகக் கணக்கிடப்பட்டது அல்ல. கணக்கு 'கெட்டுப்போகாமல்' இருக்க வங்கிக்குத் தேவையான தொகை அது. உங்களுக்குத் தேவையான தொகை வேறு.

மினிமம் டியூவில் ஒளிந்திருக்கும் தந்திரத்தை ஒரு கார்டை மட்டும் வைத்துப் பார்க்கலாம். நிலுவை 1,00,000, வட்டி மாதம் 3%, மினிமம் 5%. முதல் மாதம் வட்டி சேர்ந்து 1,03,000 ஆகிறது, அதில் 5% என்றால் 5,150 கட்டுகிறீர்கள். அடுத்த மாதம் நிலுவை கொஞ்சம் குறைந்திருக்கும், மினிமமும் கொஞ்சம் குறையும். நீங்களும் குறைத்துக் கட்டுவீர்கள். இப்படியே மினிமத்தை மட்டும் கட்டிக்கொண்டு போனால், புதிதாக ஒரு பைசாகூடச் செலவு செய்யாவிட்டாலும், நிலுவை 10,000-க்கு இறங்க 8 வருடம் 10 மாதம் ஆகும். அதற்குள் 2,15,000 கட்டி முடித்திருப்பீர்கள். அந்தப் பத்தாயிரம் இன்னும் பாக்கி.

இப்போது ஒரே ஒரு மாற்றம். முதல் மாதம் கட்டிய அதே 5,150-ஐ, ஸ்டேட்மென்டில் எவ்வளவு குறைவாகக் கேட்டாலும், கடைசிவரை விடாமல் கட்டுங்கள். 30 மாதத்தில் கடன் முழுவதும் முடிந்துவிடும். மொத்தம் கட்டியது சுமார் 1,52,000. சம்பளம் ஏறவில்லை, வட்டி குறையவில்லை, முதல் மாதத்தைவிட ஒரு காசு அதிகமாகக் கட்டவில்லை. தொகையைக் குறைக்க மறுத்தீர்கள், அவ்வளவுதான். இத்தனை வருடக் கணக்கு அனுபவத்தில் இதைவிட மலிவான வைத்தியம் எனக்குத் தெரியாது.

சில வங்கிகள் அந்த மாத வட்டியோடு அசலில் 1% சேர்த்து மினிமம் போடும். அது இன்னும் மெதுவாக நகரும். உங்கள் ஸ்டேட்மென்டில் எந்த முறை என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மினிமம் என்று அச்சடித்த அந்த எண்ணுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது மனதை இழுக்கும். நீல் ஸ்டீவர்ட் என்ற உளவியல் ஆய்வாளர் 2009-ல் வெளியிட்ட ஒரு சோதனையில், ஒரே கற்பனைப் பில்லைச் சிலருக்கு மினிமம் தொகையோடும் சிலருக்கு அது இல்லாமலும் காட்டினார். முழுவதும் கட்டாமல் ஒரு பகுதி கட்டுவோம் என்றவர்களில், மினிமம் எண்ணைப் பார்க்காதவர்கள் சராசரியாகப் பில்லில் 40% கட்ட முன்வந்தார்கள். பார்த்தவர்கள் 23%-க்கு இறங்கிவிட்டார்கள். ஒரு எண் கண்ணில் பட்டதற்கே இவ்வளவு வித்தியாசம். அதனால் ஸ்டேட்மென்டைத் திறக்கும் முன்பே இந்த மாதம் எவ்வளவு கட்டப்போகிறோம் என்று முடிவு செய்து எங்காவது எழுதி வைத்துவிடுங்கள். ஆட்டோ டெபிட், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஏற்பாடு, 'மினிமம் டியூ' என்று போட்டிருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். நிலையான ஒரு தொகையைப் போட வசதி இருந்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் ஆட்டோ டெபிட் மினிமத்திலேயே இருக்கட்டும், தாமதக் கட்டணம் வராமல் காக்க மட்டும். மீதியைச் சம்பளம் வந்த அன்றே கையால் கட்டுங்கள். பல வங்கிகள் வட்டியை நாள் கணக்கில், அன்றன்றைய நிலுவைக்குப் போடுவதால் பத்து நாள் முன்னால் கட்டினால் கொஞ்சம் வட்டி மிச்சமாகும். 14,000-க்குப் பத்து நாளில் 140 அளவுக்குத்தான், பெரிய தொகை இல்லை. சம்பள நாளில் கட்டச் சொல்வதற்கு உண்மையான காரணம் வேறு: இருபது நாள் கணக்கில் கிடக்கும் பணம் அப்படியே கிடக்காது.

சரி, குழாயை மூடுவதற்கு வருவோம். கடன் தீரும்வரை மூன்று கார்டிலும் புதிதாக எதுவும் தேய்க்கக் கூடாது. அத்தியாவசியம் என்றாலும் கூடாது. இதற்கு ஒழுக்கம் தவிர வேறொரு காரணமும் இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. கார்டில் வாங்கினால் நாற்பது ஐம்பது நாள் வட்டி இல்லை என்பார்களே, அந்தச் சலுகை முந்தைய நிலுவையை முழுவதும் கட்டியவர்களுக்குத்தான். பாக்கி வைத்துச் சுற்றிக்கொண்டிருப்பவருக்குப் பொதுவாக அது கிடையாது. நீங்கள் இன்று தேய்க்கும் பொருளுக்கு இன்றிலிருந்தே வட்டி ஓடும். மளிகைச் சாமான் வாங்கினாலும் மாதம் மூன்று சதவீத வட்டிக்குத்தான் வாங்குகிறீர்கள். கேஷ்பேக் ஒரு சதவீதம் கிடைக்கிறது என்று சமாதானம் சொல்லாதீர்கள், அந்த ஒன்றை வாங்க மூன்றைக் கொடுக்கிறீர்கள், அதுவும் மாதாமாதம். கார்டில் ரொக்கம் எடுப்பது இன்னும் மோசம். எடுக்கும்போதே ஒரு கட்டணம், அன்றிலிருந்தே வட்டி. அந்த வழியை மறந்துவிடுங்கள்.

கார்டைக் கத்தரித்துப் போடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். இப்போதெல்லாம் பிளாஸ்டிக்கை வெட்டி என்ன பயன், எண்தான் எல்லாச் செயலியிலும் பதிந்து கிடக்கிறதே. அங்கே போய் அழியுங்கள். மாதச் சந்தா எதெல்லாம் கார்டிலிருந்து தானாகக் கழிகிறது என்று மூன்று மாத ஸ்டேட்மென்டை எடுத்து ஒரு பேனாவோடு உட்கார்ந்து பாருங்கள். மறந்தே போன ஏதாவது ஒன்று இரண்டு நிச்சயம் அகப்படும். வங்கியின் செயலியிலேயே ஆன்லைன் செலவை நிறுத்தி வைக்கும் பொத்தான் இருந்தால் நிறுத்துங்கள். லிமிட்டைக் குறைக்கச் சொல்லியும் கேட்கலாம். லிமிட் ஏற்றித் தருகிறோம் என்று அவர்களாகவே வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். டேவிட் கிராஸ், நிக்கோலஸ் சோலெலஸ் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2002-ல் ஆயிரக்கணக்கான கார்டுக் கணக்குகளை அலசினார்கள். லிமிட் ஏறியவுடன் கடனும் ஏறியிருந்தது. லிமிட்டை எட்டிப்பிடித்துத் திணறியவர்களிடம் மட்டும் அல்ல, லிமிட்டுக்கு வெகு கீழே இருந்தவர்களிடமும். இடம் இருந்தால் நிரப்புவோம், மனித சுபாவம்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்றால் சொல்லிவிடுங்கள். அறிவுரைக்காக இல்லை, கணக்குக்காகவே சொல்கிறேன். ஒருவர் இறுக்கிப் பிடிக்க இன்னொருவர் அது தெரியாமல் செலவு செய்யும் வீட்டில் எந்தத் திட்டமும் மூன்று மாதம் தாண்டாது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, வைப்பை உடைப்பது. உடையுங்கள், ஆனால் முழுவதும் வேண்டாம். கிராஸும் சோலெலஸும் அதே ஆய்வில் இன்னொன்றையும் கவனித்தார்கள்: கார்டில் அதிக வட்டிக்குக் கடன் வைத்திருக்கும் பலர், குறைந்த வட்டிக்கு வங்கியில் சேமிப்பும் வைத்திருக்கிறார்கள். நீங்கள் தனி ஆள் இல்லை. சேமிப்பு என்றால் பாதுகாப்பு என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது, அதைத் தொடக் கை வருவதில்லை. ஆனால் ஆண்டுக்கு 7% வருகிற இடத்தில் பணத்தை வைத்துவிட்டு மாதம் 3% போகிற இடத்தில் கடன் வைத்திருப்பது பாதுகாப்பு ஆகாது. மாதம் 3% என்றால் வட்டிக்கு வட்டி சேர்ந்து ஆண்டுக்கு 42.6% ஆகிறது. கட்டாமல் விட்டால், தாமதக் கட்டணத்தைச் சேர்க்காமலே, 24 மாதத்தில் கடன் இரட்டிப்பாகிவிடும்.

15,000-ஐ எடுத்து வையுங்கள், வேறொரு சாதாரணச் சேமிப்புக் கணக்கில். திடீர் மருத்துவச் செலவோ வண்டி ரிப்பேரோ வந்தால் கார்டுக்கு ஓடாமல் இருக்க அது வேண்டும். அதுகூட இல்லாமல் எல்லாவற்றையும் கடனில் கொட்டியவர்கள் இரண்டாம் மாதமே மறுபடி தேய்த்துவிட்டு, "எனக்கு இது ஒத்துவராது" என்று கைவிட்டதைப் பார்த்திருக்கிறேன். மீதி 35,000-ல் சின்ன கார்டை மூடிவிட்டு, 15,000-ஐ நடு கார்டில் போடுங்கள். அதற்குப் பிறகு மாதம் 14,000 வீதம் கட்டினால் 15 மாதத்தில் எல்லாம் முடிகிறது, மொத்த வட்டி சுமார் 43,000. வைப்பைத் தொடாமல் வெறும் 14,000 வீதம் கட்டினால் 20 மாதம் வரை போகும், வட்டி 68,000 வரை ஆகும். அந்த 35,000 வைப்பிலேயே 20 மாதம் கிடந்தால் கிடைப்பது நாலாயிரத்துச் சொச்சம். நாலாயிரத்தைக் காப்பாற்ற இருபத்தைந்தாயிரத்தை விடுவதா?

உடைக்கும்போது வட்டியில் கொஞ்சம் வெட்டுவார்கள். வெட்டட்டும், அது பொருட்டே அல்ல.

மூன்றாவது, பர்சனல் லோன். இதில்தான் என் பதில் பாதி ஆமாம், பாதி இல்லை. கணக்கு மட்டும் பார்த்தால் ஆமாம். ஆண்டுக்கு 16%, குறையும் நிலுவைக்கு (அதாவது இன்னும் பாக்கியிருக்கும் அசலுக்கு மட்டும்) வட்டி என்று ஒரு கடன் உங்களுக்குக் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு லட்சத்தையும் அதற்கு மாற்றி அதே 14,000 கட்டினால் 16 மாதம், வட்டி சுமார் 23,000. வைப்பிலிருந்து 35,000 எடுத்துவிட்டு மீதி 1,65,000-க்கு மட்டும் கடன் வாங்கினால் 13 மாதம், வட்டி 16,000-க்குள். இதோடு பிராசசிங் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போதும் எந்தக் கார்டை முதலில் என்று மண்டையை உடைத்து மிச்சம் பிடிப்பதைவிடப் பல மடங்கு மிச்சம்.

இல்லை என்று சொல்வது எதற்காக? லோன் வந்த மறுநாள் மூன்று கார்டும் காலியாக, பளிச்சென்று, முழு லிமிட்டோடு உங்கள் பையில் இருக்கும். கடன் அடைந்துவிட்டது போன்ற ஒரு நிம்மதி வரும். உண்மையில் கடன் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. நான் மூன்று வருடம் கிடந்தேன் என்றேனே, அதில் முதல் ஒன்றரை வருடம்தான் பழைய கடன். லோன் வாங்கி அடைத்தேன், ஆறே மாதத்தில் கார்டு மறுபடி நிரம்பியது, இப்போது லோன் தவணையும் கார்டு வட்டியும் சேர்ந்து இரண்டு பக்கமும் கடித்தது. அதனால் ஒரு நிபந்தனை வைக்கிறேன். முதலில் மூன்று மாதம் கார்டில் ஒன்றும் தேய்க்காமல், நிலையாக 14,000 கட்டிக் காட்டுங்கள், உங்களுக்கு நீங்களே. அது முடிந்தால் லோன் வாங்குங்கள். அந்த மூன்று மாதத்துக்குக் கூடுதலாகப் போகும் வட்டியை, உங்களை நீங்களே தெரிந்துகொள்ளக் கொடுத்த கட்டணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லோன் வந்ததும் இரண்டு கார்டை மூடிவிடுங்கள்.

லோன் பேசும்போது ஒரே ஒரு கேள்வியைக் கறாராகக் கேளுங்கள்: வட்டி ஃபிளாட்டா, குறையும் நிலுவைக்கா? "ஆண்டுக்கு 12% ஃபிளாட்" என்று சொன்னால் மலிவாகத் தெரியும். ஒரு லட்சத்துக்கு 12 மாதத் தவணை என்றால் வட்டி 12,000, மாதம் 9,333. ஆனால் மாதாமாதம் அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள், வட்டியோ முதல் நாள் முழு லட்சத்துக்கும் கணக்கிட்டது. உள்ளபடி பார்த்தால் அது ஆண்டுக்கு சுமார் 21.5%. கார்டுப் பில்லைத் தவணையாக மாற்றித் தருகிறோம் என்று போனில் கூப்பிடுகிறார்களே, அங்கேயும் இதே கேள்விதான். அந்தத் தவணை மாற்றம் கெட்டது அல்ல, மாதம் 3% போகிற கார்டு வட்டியைவிட அது நல்லதுதான். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்பதையும் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர், அதாவது இந்தக் கார்டின் பாக்கியை இன்னொரு வங்கியின் கார்டுக்கு மாற்றுவது, கிடைத்தால் நல்லதே. சில மாதத்துக்கு வட்டி மிகக் குறைவு அல்லது இல்லை. மாற்றும்போதே ஒரு கட்டணம் பிடிப்பார்கள், சலுகைக் காலம் முடிந்தவுடன் முழு வட்டி ஏறும், நடுவில் ஒரு தவணை தவறினால் சலுகையே ரத்தாகலாம். மாற்றிய தொகையைச் சலுகை மாதங்களால் வகுத்துப் பாருங்கள். வருகிற எண்ணை மாதாமாதம் கட்ட முடியுமென்றால் போங்கள், முடியாதென்றால் பிரச்சினையைத் தள்ளிப்போடுகிறீர்கள்.

இப்போது நீங்கள் முதலில் கேட்டது. எந்தக் கார்டு முதலில்?

புத்தகக் கணக்கு சொல்வது, வட்டி அதிகமான கார்டு. உங்களுக்கு அது நடு கார்டு. மற்ற இரண்டுக்கும் இன்றைய மினிமத்தை நிலையாக, 6,000-மும் 1,000-மும் கட்டிவிட்டு, நடு கார்டுக்கு 7,000 போடுவது. அது முடிந்ததும் அந்த 7,000-ஐயும் சேர்த்துப் பெரிய கார்டுக்கு. இன்னொரு கட்சி சொல்வது, நிலுவை குறைவான கார்டு. சின்னதற்கு 5,000, அது முடிந்ததும் நடுவுக்கு 8,000, கடைசியில் 14,000 முழுவதும் பெரியதற்கு. வைப்பு, லோன் எதையும் தொடாமல் இரண்டையும் மாதம் மாதமாகப் போட்டுப் பார்த்தேன். வட்டி வழி: 19 மாதம், மொத்த வட்டி 65,900. சின்னது முதல் வழி: 20 மாதம், வட்டி 68,600. இருபதாவது மாதம் கட்ட வேண்டியதும் 2,600 தான். இவ்வளவுதான் வித்தியாசம்! இதற்காக ஊரெல்லாம் சண்டை போடுகிறார்கள்.

ஆனால் இன்னொரு எண்ணையும் பாருங்கள். சின்னது முதல் என்று போனால் ஐந்தாவது மாதமே ஒரு கார்டு காணாமல் போகிறது. வட்டி வழியில் முதல் கார்டு மூட 11 மாதம் காத்திருக்க வேண்டும். டேவிட் கால், பிளேக்லி மெக்ஷேன் என்ற இருவர் கடன் தீர்க்கும் திட்டங்களில் சேர்ந்தவர்களின் கணக்குகளை எடுத்து 2012-ல் ஆராய்ந்தார்கள். கடைசிவரை நின்று கடனை ஒழித்தவர்கள் யார் என்று பார்த்தபோது, மூடிய கணக்குகளின் எண்ணிக்கைதான் நன்றாக அடையாளம் காட்டியது, அந்தக் கணக்குகளில் இருந்த தொகை அல்ல. நீங்கள் இரண்டு வருடமாக நகராமல் சோர்ந்திருப்பவர். 2,700 கொடுத்து ஆறு மாதம் முன்னதாக ஒரு வெற்றியை வாங்கலாம் என்றால் நான் வாங்குவேன். வட்டி வித்தியாசம் பெரிதாக இருந்தால், ஒன்று மாதம் ஒன்றரை, இன்னொன்று மூன்றரை என்றால், இப்படிச் சொல்லமாட்டேன்.

செய்யவே கூடாதது, மூன்றுக்கும் நிலுவைக்குத் தக்கபடி பங்கு பிரித்துக் கொடுப்பது. நியாயமாகத் தோன்றும். பலர் கட்டும் விதம் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது என்று பிரிட்டனில் கார்டுக் கணக்குகளை வைத்துச் செய்து 2019-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வட்டியும் பெரிதாக மிச்சமாகாது, எந்தக் கார்டும் சீக்கிரம் மூடாது, இரண்டு பக்கமும் நஷ்டம்.

உங்கள் நிலைமைக்கு முழுவதையும் கோத்தால் இப்படி வரும்: இந்த வாரம் வைப்பில் 35,000 எடுத்துச் சின்ன கார்டை மூடுவது, மீதியை நடு கார்டில் போடுவது. பிறகு மூன்று மாதம் பெரியதற்கு 6,000, நடுவுக்கு 8,000. அதற்குப் பின் குறைந்த வட்டிக்கு லோன் கிடைத்தால் மீதியை அதற்கு மாற்றுவது. கிடைக்காவிட்டால் கவலை இல்லை, அதே 14,000-ஐத் தொடருங்கள், 15-வது மாதம் முடிந்துவிடும். போனஸ், சம்பள உயர்வு என்று நடுவில் ஏதாவது வந்தால் பாதியைக் கடனில் போடுங்கள். முழுவதையும் போடச் சொன்னால் யாரும் செய்வதில்லை.

14,000-மே கட்ட முடியாத நிலைமை வந்தால், வேலை போய்விட்டது என்று வையுங்கள், தவணை தவறுவதற்கு முன்பே வங்கியை அழைத்துப் பேசுங்கள். வட்டியைக் குறைத்துத் தவணையாக்கித் தர அவர்களுக்கு வழிகள் உண்டு, கேட்டால்தான் தருவார்கள். "இவ்வளவு கொடுங்கள், மீதியைத் தள்ளுபடி செய்கிறோம்" என்ற செட்டில்மென்ட் கடைசி வழி. கடன் வரலாற்றில் அது முழுவதும் அடைத்த கணக்காகப் பதியாது, அடுத்த கடன் கேட்கும்போது இடிக்கும். இதை முடித்துத் தருகிறோம், முன்பணம் கொடுங்கள் என்று வருகிற இடைத்தரகர்களிடம் போகவேண்டாம். அவர்கள் பேசுவதை நீங்களே பேசலாம்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், நானே மாட்டிக்கொண்டது. ஸ்டேட்மென்டில் இருந்த மொத்தத் தொகையை ஒருநாள் முழுவதும் கட்டிவிட்டு, தீர்ந்தது என்று கார்டை அலமாரியில் போட்டேன். இரண்டு மாதம் கழித்துத் தாமதக் கட்டணம் என்று குறுஞ்செய்தி. என்னவென்று பார்த்தால், ஸ்டேட்மென்ட் போட்ட நாளுக்கும் நான் பணம் கட்டிய நாளுக்கும் நடுவில் ஓடிய வட்டி அடுத்த ஸ்டேட்மென்டில் வந்திருக்கிறது, மிகச் சிறிய தொகை. நான் திறந்தே பார்க்கவில்லை. அதற்குக் கட்டணம், கட்டணத்துக்கு வட்டி, கடன் வரலாற்றில் ஒரு தாமதப் பதிவு. எனவே ஒவ்வொரு கார்டையும் முழுவதும் கட்டிய பிறகு இன்னும் ஒன்றிரண்டு ஸ்டேட்மென்ட் வரும்வரை காத்திருந்து, மொத்தத் தொகை பூஜ்யம் என்று வந்த பிறகே மூடச் சொல்லி எழுதுங்கள். மூடியதும் பாக்கி ஏதும் இல்லை என்ற கடிதத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள். மூன்றில் ஒன்றை வைத்துக்கொள்வதாக இருந்தால் ஆண்டுக் கட்டணம் இல்லாததாக, பழையதாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், நீண்ட வரலாறு கிரெடிட் ஸ்கோருக்கு, அதாவது கடன் கொடுப்பவர்கள் பார்க்கும் மதிப்பெண்ணுக்கு, நல்லது. அதன் ஆட்டோ டெபிட்டை அன்றே 'மொத்தத் தொகை' என்று மாற்றிவிடுங்கள்.